நெஞ்சில் அரம் பாய்ந்தும் நடந்த பேரரசி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், கத்தியால் குத்தப்பட்ட பிறகும் எழுந்து நடந்து போய்க் கப்பலில் ஏறினார் என்று படித்தேன். இது உண்மையா? உண்மையென்றால் எப்படி முடிந்தது?

பதில்: உண்மைதான். ஆனால் குத்தியது கத்தியன்று. கூராகத் தீட்டி மரப்பிடி போட்ட ஒரு சிறு அரம். 1898 செப்டம்பர் 10 அன்று, ஜெனீவாவில் தாம் தங்கியிருந்த போ-ரிவாஜ் ஓட்டலிலிருந்து சீமாட்டி இர்மா ஸ்தாராய் ஒருவரை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் ஏரிக்கரைப் படகுத்துறைக்கு நடந்தபோது, லூயிஜி லுக்கேனி என்ற இத்தாலியர் எதிரே ஓடி வந்தார். குடைக்குள் குனிந்து முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு மார்பில் ஓங்கிக் குத்திவிட்டு ஓடினார். கீழே விழுந்த பேரரசி, யாரோ கடிகாரத்தைப் பறிக்க வந்து இடித்துத் தள்ளிவிட்டதாகவே நினைத்தார். எழுந்து, உதவியவர்களுக்கு நன்றி சொல்லி, கப்பலேறினார். அங்கேதான் மயங்கிச் சரிந்தார். உடுப்பைத் தளர்த்திப் பார்த்தால் உள்ளாடையில் ஒரு சின்னக் கறை, அவ்வளவுதான். காயத்தின் வாய் மிகக் குறுகலாக இருந்ததால் இதயத்திலிருந்து இரத்தம் மெல்ல மெல்லத்தான் கசிந்தது. இடுப்பை ஒடுக்கிக் காட்ட இறுக்கிக் கட்டிய கோர்செட் என்ற உள்ளுடுப்பும் கட்டுப் போட்டதுபோல் அதைத் தடுத்து வைத்தது. புறப்பட்டுவிட்ட கப்பலைத் திருப்பி, ஓட்டலுக்குத் தூக்கி வந்தும் பயனில்லை. அப்போது அவருக்கு வயது 60.

லுக்கேனிக்கு அவர்மேல் தனிப்பட்ட பகை ஏதுமில்லை. அரசு என்பதே கூடாது என்னும் கொள்கைக்காரர். முதலில் குறி வைத்தது வேறோர் இளவரசரை. புனைபெயரில் தங்கியிருந்த பேரரசி ஊரில் இருப்பதைச் செய்தித்தாள் வெளியிட்டது வினையாயிற்று. ஜெனீவாவில் மரண தண்டனை இல்லாததால் ஆயுள் தண்டனை பெற்ற அவர், 1910இல் சிறை அறையில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார்.

கேள்வி: அவருடைய கூந்தலைப் பற்றிச் சொல்வதெல்லாம் மிகையா?

பதில்: பெரும்பாலும் மிகையில்லை. கணுக்காலைத் தொடும் அந்தக் கூந்தலை வாரிப் பின்னி முடிக்க நாள்தோறும் இரண்டு, மூன்று மணி நேரம் பிடித்தது. முட்டைக் கருவும் கோன்யாக் மதுவும் கலந்து அலசும் நாளில் வேறு எந்த வேலையும் நடக்காது. வாருபவர் வியன்னா நாடக அரங்கிலிருந்து அழைத்து வரப்பட்ட ஃபேனி ஃபைஃபாலிக். உதிர்ந்த முடியைக் கண்டால் பேரரசி மனம் வாடுவார் என்பதால், ஃபேனி அதைத் தம் மேலங்கிக்கு உட்புறம் ஒட்டி மறைத்துவிடுவாராம். அந்த மணிகளை வீணாக்காமல் எலிசபெத் ஹங்கேரிய மொழியும், பின்னாளில் கிரேக்கமும் கற்றார் என்பதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். 1867இல் ஹங்கேரியின் அரசியாக முடிசூடியபோது அந்நாட்டார் அவரைத் தம்மவராகவே கொண்டாடியதற்கு அழகைவிட அந்த மொழிதான் காரணம். முப்பதைக் கடந்தபின் புகைப்படம் எடுக்க இசையாமல் விசிறியாலும் குடையாலும் முகத்தை மறைத்தார். ஒரே மகன் ருடால்ஃப் 1889இல் மேயர்லிங்கில் இறந்த பிறகு பெரும்பாலும் கறுப்பு உடைதான்.

கேள்வி: அக்காளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைத் தங்கை மணந்துகொண்டாராமே?

பதில்: ஆம். 1853இல் பாட் இஷ்ல் நகரில் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசபுக்குக் காட்டவென்று அழைத்துச் செல்லப்பட்டவர் அக்காள் ஹெலனே. உடன் போன பதினைந்து வயது எலிசபெத்தைத்தான் அவருக்குப் பிடித்துப்போயிற்று. மாமியார் சோஃபியோ மணமகளின் சொந்தப் பெரியம்மா. நம் கணக்கில் மாப்பிள்ளை அண்ணன் முறை! அந்த உறவு வீட்டில் இணக்கத்தைத் தரவில்லை. முதலிரு பெண் குழந்தைகளின் வளர்ப்பை மாமியாரே தம் கையில் எடுத்துக்கொண்டார். மூத்தவள் இரண்டு வயதிலேயே இறந்தும் போனாள். ஹெலனே 1858இல் துர்ன்-டாக்சிஸ் குடும்பத்து இளவரசரை மணந்து, ஒன்பதே ஆண்டுகளில் கைம்பெண்ணானார்.