கேள்வி பதில்: உருளும் ரோபோ, நடக்கும் ரோபோ

கேள்வி: 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திலேயே ஆர்டூ-டீடூ என்ற ரோபோ சர்வ சாதாரணமாக நடமாடுகிறது. அப்படியிருக்க, 2000-ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனத்தின் அசிமோ இரண்டு கால்களில் நடந்ததை ஏன் பெரிய சாதனையாகப் பேசினார்கள்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆர்டூ-டீடூ அந்தப் படத்தில் எங்குமே நடக்கவில்லை என்பதைக் கவனித்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அது நகர்ந்து செல்லும் காட்சிகளுக்கு, மூன்று கால்களின் அடியிலும் சக்கரம் பொருத்தி ரேடியோ அலைகளால் இயக்கிய ஒரு கூட்டைப் பயன்படுத்தினார்கள்; இரண்டு கால்களில் நின்று ஆடி அசையும் காட்சிகளில் கூட்டுக்குள் இருந்தவர் கென்னி பேக்கர் என்ற, உயரம் மிகக் குறைந்த ஆங்கிலேய நடிகர். (ரேடியோ கூடு படப்பிடிப்பில் பல முறை சொன்னபடி கேட்கவில்லை என்பது தனிக்கதை.)

மூன்று சக்கரங்களில் நிற்கும் பொருளின் ஈர்ப்பு மையம் அந்தச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பின் மேலேயே இருப்பதால், அது நின்றாலும் நகர்ந்தாலும் எளிதில் கவிழாது. இரண்டு கால்களில் நடப்பதற்கோ ஒவ்வோர் அடிக்கும் ஒரு காலைத் தூக்கியாக வேண்டும். அந்தக் கணத்தில் உடலின் முழு எடையையும் ஒரே பாதம் தாங்க வேண்டும். எடை அந்தப் பாதத்தின் மேல் முழுமையாக வந்து சேரும்வரை காத்திருந்து மறு காலைத் தூக்கினால் விழாமல் நடக்கலாம். ஆனால் 1986-இல் ஹோண்டா செய்த முதல் சோதனை இயந்திரத்துக்கு அப்படி ஓர் அடி வைக்கவே ஏறத்தாழ 5 விநாடிகள் தேவைப்பட்டன. மனிதரைப் போல விரைந்து நடக்க வேண்டுமானால், உடல் முன்னோக்கிச் சரிவதை அனுமதித்து, சரிந்து முடிவதற்குள் அடுத்த காலை ஊன்றி, சாய்வை உணரிகளால் இடைவிடாமல் அளந்து மூட்டு மோட்டார்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதில் தேர்ந்திருந்த அசிமோவும் 2006-இல் டோக்கியோவில் பார்வையாளர்கள் முன்னிலையில் படியேறும்போது விழுந்தது. அந்த வீழ்ச்சியைக் கேலி செய்தவர்கள் பலர். பல வெற்றிகரமான விளக்கக்காட்சிகளைவிட அதுவே சிக்கலின் கடுமையை நன்றாகப் புரியவைத்தது என்பது என் கருத்து.

கேள்வி: முதன்முதலில் தொழிற்சாலை வேலைக்குச் சென்ற ரோபோ எது?
- வாசகி, மதுரை

பதில்: யூனிமேட். ஜார்ஜ் டெவால் கண்டுபிடித்து, ஜோசப் எங்கெல்பெர்கர் தொழிலாக வளர்த்த இந்த ஒற்றைக் கை இயந்திரம், 1961-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், அச்சிலிருந்து வெளிவரும் கொதிக்கும் உலோகப் பாகங்களை எடுத்து வைக்கும் வேலையில் அமர்த்தப்பட்டது. 1966-இல் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளி, கோப்பையில் பீர் ஊற்றி, இசைக்குழுவுக்கு முன் கோலையும் அசைத்துக் காட்டியது. ஆனால் காந்த உருளை ஒன்றில் முன்கூட்டியே பதிவு செய்த அசைவுகளைத் திரும்பச் செய்ததே தவிர, எதையும் பார்த்துச் செய்யவில்லை. கோப்பையை யாராவது ஓரடி தள்ளி வைத்திருந்தால், பீர் முழுவதையும் மேசையின் மேல்தான் ஊற்றியிருக்கும்.