கோயில் இங்கிதம்: உபதேசியார் பதில்கள்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபை ஒன்றில் பல வருடம் உபதேசியாராக (போதகருக்கு உதவும் சபை ஊழியராக) இருந்து ஓய்வு பெற்றவர், சபையார் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் போன ஞாயிறு ஒரு புதுக் குடும்பம் உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்கச் சொன்னால் தப்பா?

தப்புதான் தம்பி. பெஞ்சில் உங்கள் தாத்தா பெயர் எழுதியிருக்கலாம்; அதற்காகப் பட்டா கிடையாது. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தை கட்டினவனுக்குக் காலடியில் இடம் என்று பிரிப்பதை வேதத்தில் யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்திருக்கிறாரே. பக்கத்தில் உட்கார்ந்து, பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் எந்தப் பாட்டு என்று எடுத்துக் கொடுங்கள். புதிதாக வருகிறவர்கள் திணறுவது அங்கேதான்.

கேள்வி: காணிக்கைப் பையில் 500 ரூபாயைப் போட்டுவிட்டு மீதிச் சில்லறை எடுக்கலாமா?

பைக்குள் கையை விடாதீர்கள் ஐயா. ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணும்போது கேட்டால் மாற்றித் தருவார்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் எங்கள் வாலிபர்கள் இரவு ஒரு மணிக்கு டிரம் அடித்துக்கொண்டு வருகிறார்கள். தெருவில் மற்ற மதத்தாரும் இருக்கிறார்கள். சொன்னால், “வருஷத்துக்கு ஒரு தடவைதானே” என்கிறார்கள்.

அந்த ஒரு தடவையில்தான் பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார். அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடே நண்பனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று வேதத்தில் நீதிமொழிகள் 27:14 சொல்கிறது. வாலிபர் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை அதை வாசிக்கச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். சட்டமும் இருக்கிறது: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. சில பண்டிகை நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்கு தரலாம்; ஒரு மணிக்கு அதுவும் இல்லை. அதே வருடம் சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் சத்தம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். சபை தோற்றது.

ஆகவே பொழுது சாய்ந்ததும் கிளம்புங்கள். ஒரு ராத்திரியில் முடியாவிட்டால் இரண்டு ராத்திரியாகத் தெருவைப் பிரித்துக்கொள்ளுங்கள். நோயாளி இருக்கும் வீட்டில் டிரம் இல்லாமல் ஒரு சரணம் போதும். துக்க வீடு என்றால் முதல் நாளே போய், “வரலாமா?” என்று கேட்டு வையுங்கள். கேக்குக்காக வாசலில் காத்து நிற்காதீர்கள், அது வேறு!

கேள்வி: அசனத்தில் (சபை விருந்தில்) முதல் பந்திக்கே தூக்குவாளியோடு வருகிறவர்களை என்ன செய்வது?

வேத காலத்துக் கொரிந்து சபையிலும் இதே கூத்துதான். ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் தின்று தீர்த்தான். “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்று அப்போஸ்தலர் பவுல் அவர்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. வயதானவர்களும் குழந்தைகளும் முதல் பந்தி, வாளி கடைசிப் பந்திக்குப் பிறகு என்று ஆராதனையிலேயே அறிவித்துவிடுங்கள். ஆளைப் பார்த்துத் திட்ட வேண்டாம். வீட்டில் படுத்திருக்கும் யாருக்காகவோ கேட்கிறவர்களும் உண்டு.

கேள்வி: ஐயா, என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சபையார் கூட்டமாக வந்து அரைமணி நேரம் சத்தமாக ஜெபிக்கிறார்கள். எப்படிச் சொல்வது?

“அம்மாவுக்குத் தூக்கம் வேண்டுமாம், சுருக்கமாக ஜெபியுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் மகளே, யாரும் கோபிக்க மாட்டார்கள். போகிறவர்களுக்கும் ஒன்று: வேதத்தில், துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. பேச ஆரம்பித்து, “நீ என்ன பாவம் செய்தாய்?” என்று குடைந்தபோதுதான் கெட்டது. பக்கத்துக் கட்டில்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜெபம் இரண்டு நிமிடம் போதும். அப்புறம் இந்த மருமகள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்வரை யாராவது ஒருவர் அங்கே உட்காருங்கள்.

கேள்வி: செல்போனில் வேதம் வாசிக்கலாமா?

தாராளமாக. நெட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். பிரசங்கத்தின் நடுவில் நீங்கள் வாட்ஸ்அப் பார்ப்பது பீடத்திலிருந்து போதகர் ஐயருக்கு நன்றாகவே தெரியும்.