இட்லி மாவில் மிச்சம் பிடித்த பணத்தை கிரெடிட் கார்டு தின்கிறது

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவரின் சம்பளம் பிடித்தம் போக 62,000 ரூபாய். வாடகை 19,000. பெண்ணுக்கு 7 வயது, பையனுக்கு 4. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்; அவருக்கு பி.பி., சர்க்கரை மாத்திரைகள் உண்டு. பையன் பிறந்ததும் நான் வேலையை விட்டுவிட்டேன். செலவைக் குறைக்கலாம் என்று ஆறு மாதமாக இட்லி மாவு, சத்துமாவு, பிஸ்கட், குளியல் சோப்பு, தரை துடைக்கும் லிக்விட், ஃபேஸ் பேக் எல்லாம் வீட்டிலேயே செய்கிறேன். ஆனால் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வங்கியில் 7 சதவீத வட்டியில் 50,000 ரூபாய் எஃப்.டி. இருக்கிறது. கிரெடிட் கார்டில் 26,000 பாக்கி. மினிமம் தொகை 1,300 ரூபாயை மாதாமாதம் தவறாமல் கட்டுகிறோம். எதை வீட்டில் செய்யலாம், எதைக் கடையில் வாங்கலாம்? மிச்சமாகும் பணத்தை எதில் போடலாம்? செலவு விவரங்களை இணைத்திருக்கிறேன். – வாசகி, பெங்களூரு

பதில்: உங்கள் செலவு விவரத்தைக் கடை பில்களோடு வரிவரியாகப் பார்த்தேன். நீங்கள் வீட்டில் செய்கிறவற்றில் இரண்டு பொருள்கள் நிஜமாகவே பணத்தை மிச்சப்படுத்துகின்றன. ஒன்று பாதிக்குப் பாதி. மற்றவை நஷ்டம், அதிலும் சோப்பை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஆனால் கையில் காசு நிற்காததற்குக் காரணம் உங்கள் சமையலறையில் இல்லை. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் இட்லி மாவு. முன்பு வாரம் 3 பாக்கெட் வாங்கினீர்கள், ஒரு கிலோ 88 ரூபாய். அந்த ஒரு கிலோவில் பாதிக்கு மேல் தண்ணீர். அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் 400 கிராம் ஊறப்போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ மாவு வரும். நீங்கள் வாங்கும் விலைக்கு இட்லி அரிசி 320 கிராம், உளுந்து 80 கிராம் இரண்டும் சேர்ந்து 27 ரூபாய்தான். வெந்தயம், உப்பு, கிரைண்டர் கரண்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டுக்கு 58 ரூபாய் லாபம். மாதம் 13 பாக்கெட் என்றால் 750 ரூபாய். இதை விடவே விடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் இந்த ஊர்க் குளிருக்கு மாவு பொங்காது. அதற்குப் பயந்து மறுபடி பாக்கெட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. உப்பைப் போட்டுக் கையால் நன்றாகக் கரைத்து, பாத்திரத்தைத் துணியால் சுற்றி, அணைத்துவைத்த ஓவனுக்குள் வைத்து மூடுங்கள். ராத்திரிக்குப் பதில் சாயங்காலமே அரைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது சத்துமாவு. அரை கிலோ பாக்கெட் 340 ரூபாய், மாதம் இரண்டு. கேழ்வரகு விளைகிற ஊரில் இருந்துகொண்டு அதற்கு இந்த விலை கொடுப்பது எனக்கே மனசு கேட்கவில்லை. கேழ்வரகு 400 கிராம், கோதுமை 200, பொட்டுக்கடலை 150, பாசிப்பயறு 100, வேர்க்கடலை 100, பாதாம் 50, வாசனைக்கு நாலைந்து ஏலக்காய். உங்கள் பில் விலையிலேயே மில் கூலியோடு 150 ரூபாய்க்குள் ஒரு கிலோ ஆகிறது, அதிலும் பெரிய பங்கு பாதாமுக்குத்தான். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்தால் ருசியும் கூடும், ஜீரணத்துக்கும் நல்லது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. இதில் மாதம் 530 ரூபாய் மிச்சம்.

இந்த இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. வாராவாரம் தீர்ந்துபோகிற பொருள், மூலப்பொருள் மலிவு, அதற்கான கருவி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் கணக்கு உதைக்கும். உங்கள் சோப்பையும் லிக்விடையும் பாருங்கள். சோப்பு அச்சு, கண்ணாடி ஜாடிகள், எண்ணெய் வகைகள், வாசனைத் தைலங்கள் எல்லாம் சேர்த்து ஆன்லைனில் 4,800 ரூபாய். குடும்பத்துக்கே மாதம் 200 ரூபாய்க்குள் அடங்குகிற குளியல் சோப்புச் செலவைக் குறைக்க இவ்வளவு முதலீடா? இரண்டு வருஷச் சோப்புக் காசு அது. போதாததற்கு வீட்டில் 4 வயதுப் பையன் இருக்கும்போது காஸ்டிக் சோடா டப்பா அலமாரியில் இருக்கிறது. அது தோலில் பட்டால் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதில் மிச்சக் கணக்கே வேண்டாம்.

தரை துடைக்கும் லிக்விடில் வினிகரையும் பேக்கிங் சோடாவையும் ஒன்றாகக் கலக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு, கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர். அதில் 350 ரூபாய்த் தைலத்தில் நாலு சொட்டு. வேண்டாம், அஞ்சு லிட்டர் கேனாக வாங்கிக்கொள்ளுங்கள். வினிகர் மீதி இருந்தால் போர்வெல் தண்ணீரால் குழாயிலும் ஷவரிலும் படியும் வெள்ளைக் கறைக்குத் தனியாகப் பயன்படுத்துங்கள், அதற்கு அது அருமையான மருந்து. மார்பிள் மேல் மட்டும் படக்கூடாது. அப்புறம், ப்ளீச்சிங் பவுடரோடு வினிகரையோ டாய்லெட் கிளீனரையோ சேர்த்து எந்தக் கலவையும் முயலாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

பிஸ்கட் விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உங்கள் வீட்டில் மின்சாரம் சாதாரணமாக 185, 190 யூனிட் ஓடுகிறது. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹஜோதியில் உங்களுக்கான இலவச அளவுக்கு மேல் போகும் நாலைந்து யூனிட்டுக்கு மட்டும்தான் காசு கட்டுகிறீர்கள். ஆனால் 200 யூனிட்டைத் தாண்டிய மாதத்தில் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடும், முதல் யூனிட்டிலிருந்து கணக்குப் போட்டு முழு பில்லும் வரும். நீங்கள் அனுப்பிய இரண்டு பில்களில் அதுதான் நடந்திருக்கிறது: ஒன்று 204, இன்னொன்று 207. உங்கள் ஓ.டி.ஜி. ஓவன் 1,500 வாட். மாவைச் சுட ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். வாரம் மூன்று தடவை பிஸ்கட் என்றால் மாதத்துக்குப் பன்னிரண்டு யூனிட்டாவது கூடும். அந்த இரண்டு மாதங்களிலும் உங்களை 200-க்கு அந்தப் பக்கம் தள்ளியது அதுதான் என்று நினைக்கிறேன். குழந்தைகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுங்கள், போதும். ஓவனை மாவு புளிக்கவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு செலவு உங்கள் லிஸ்டில் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. சோப்பு காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமைகளில் ராத்திரிச் சாப்பாடு ஆப்பில் வந்திருக்கிறது. ஒருமுறை 460, ஒருமுறை 520. பகல் முழுக்க அடுப்படியில் நின்றவருக்கு மறுபடி சமைக்கத் தெம்பு இருக்காது, அது நியாயம்தான். வீட்டில் செய்தால் செலவே இல்லை என்று எல்லோரும் சொல்வது அந்த ஒருத்தியின் உடம்பைக் கணக்கில் சேர்க்காததால்தான். மாவு அரைப்பது, சத்துமாவு வறுப்பது இரண்டிலும் உங்கள் கணவர் ஒரு கை கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதே காரணத்துக்காக பார்லரை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். மாதம் 1,200 ரூபாய்க்கு ஃபேஷியல், கூடவே வீட்டில் பேக்கும். ஏதாவது ஒன்று போதும். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் போங்கள், சராசரி 600 மிச்சமாகும். நடுவில் உங்கள் மாமியார் சொல்லும் நலங்கு மாவு தாராளமாகப் போடலாம். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், உலர்ந்த ரோஜா இதழ் எல்லாம் இந்த ஊரில் கிரந்திகே அங்கடி என்று சொல்லும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போவதை மட்டும் விட்டுவிடுங்கள், தோல் கருத்துக் கொப்புளம் கிளம்பும். அதற்குச் சரும மருத்துவரிடம் கொடுக்கும் ஃபீஸில் இரண்டு ஃபேஷியல் ஆகிவிடும்.

மாமியாரின் மாத்திரைச் செலவு மாதம் 1,900 என்று போட்டிருக்கிறீர்கள். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கிக்கொண்டு மக்கள் மருந்தகத்தில் விலை கேளுங்கள், கர்நாடகத்தில் ஜன் ஔஷதி கேந்திரா என்று பலகை இருக்கும். பி.பி., சர்க்கரை மாத்திரைகள் பெரும்பாலும் அங்கே பாதி விலைக்கும் குறைவு. 2019-லிருந்து ஒரு ரூபாய்க்கு ஒரு சானிட்டரி நாப்கினும் அங்கே கிடைக்கிறது. எவ்வளவு மிச்சமாகும் என்பது மருந்தைப் பொறுத்தது என்பதால் என் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, இப்போது கார்டுக்கு வருவோம்.

மாவில் 750, சத்துமாவில் 530, பார்லரில் 600. ஆக மொத்தம் 1,880 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் உங்கள் கார்டு ஸ்டேட்மென்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம். 26,000 ரூபாய்க்கு 910. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., 164 ரூபாய். மொத்தம் 1,074. நீங்கள் தவறாமல் கட்டும் 1,300 ரூபாயில் அசலுக்குப் போவது வெறும் 226. அதையும் அடுத்த மாதம் புதிதாகத் தேய்க்கும் செலவு சமன் செய்துவிடுகிறது. மினிமம் கட்டினால் லேட் ஃபீஸ் வராது, அவ்வளவுதான். கடன் அப்படியே நிற்கும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. சிக்கனத்துக்காக வாங்கிய அந்த 4,800 ரூபாய் ஜாடிகளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது.

வருஷத்துக்குப் பார்த்தால் கார்டு உங்களிடம் வாங்குவது 12,800 ரூபாய்க்கு மேல். அதே 26,000 எஃப்.டி.யில் ஈட்டுவது 1,820. 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று எஃப்.டி.யைத் தொடாமல் வைத்திருக்கிறீர்கள். என் கணக்கில் அவசரம் ஏற்கெனவே வந்தாயிற்று. 26,000-ஐ எடுத்து கார்டுக் கடனை அடைத்துவிடுங்கள். சில வங்கிகள் பகுதியாக எடுக்க விடும். விடாவிட்டால் முழுவதையும் உடைத்து, மீதி 24,000-ஐப் புது எஃப்.டி.யாகப் போடுங்கள். முன்கூட்டி உடைப்பதற்கு வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் குறைப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். கட்டும் முன் கார்டு கம்பெனிக்குப் போன் செய்து அன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், ஸ்டேட்மென்ட் தொகையை மட்டும் கட்டினால் இடைப்பட்ட நாள்களின் வட்டி அடுத்த மாதம் மறுபடி தலைகாட்டும். அதுவரை கார்டைப் பையிலிருந்து எடுத்து பீரோவில் வையுங்கள். இதைக் கணவரோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

கார்டு தீர்ந்தபின் 1,300-ம் மிச்சம், 1,880-ம் மிச்சம். இந்த 3,180 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாசக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் மிஞ்சாது, ஆறு மாதமாகப் பார்த்துவிட்டீர்களே. ஒன்பதாவது மாதத்தில் எடுத்த 26,000 திரும்ப வந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் எதில் போடலாம் என்ற கேள்வி. 2,000 ரூபாயை அஞ்சலக ஐந்தாண்டு ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்புக் கணக்கில், போடலாம். 2023 அக்டோபரில் இதன் வட்டியை 6.7 சதவீதமாக்கினார்கள். அந்த விகிதத்தில் மாதம் 2,000 கட்டினால் முடிவில் 1,42,700 ரூபாய் வரும். காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அரசு அறிவிப்பதால் சேரும் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், சேர்ந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு அது மாறாது. மீதி 1,180-ல் ஆயிரத்தைப் பெண்ணின் பெயரில், பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்பான சுகன்யா சம்ருத்தி கணக்கில் போடுங்கள். 10 வயதுக்குள் தொடங்க வேண்டும், உங்கள் பெண்ணுக்கு 7, நேரம் இருக்கிறது. ஆண்டுக்கு 250 ரூபாய்கூடக் கட்டலாம் என்பதால் 250 போட்டு இப்போதே கணக்கைத் திறந்து வைத்துவிடுங்கள். பெண்ணின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் ஆதார், பான் கார்டும் இருந்தால் தபால் நிலையத்தில் வேலை முடிந்துவிடும். மிஞ்சும் 180 ரூபாய் உங்களுக்கு. அதற்குக் கணக்கு எழுத வேண்டாம்.