ரயர் எரிந்த மண்ணை அகற்றும் பொறுப்பு யாருடையது?

கேள்வி: யாழ்ப்பாணத்து உடுவில் பகுதியில், கனடாவில் வாழும் என் தமக்கையின் பெயரிலுள்ள காணியில் வெங்காயம் செய்து வருகிறேன். அயற்காணியைக் குத்தகைக்கு எடுத்தவர் அங்கே குவித்திருந்த பழைய ரயர்கள் மூன்று வாரங்களுக்கு முன் எரிந்தன. தீயணைக்க ஊற்றிய நீருடன் கரிய எண்ணெய் எங்கள் காணிக்குள் வழிந்தது. நான்கு குடும்பங்களின் பங்குக் கிணற்றிலும் எண்ணெய்ப் படலம் தெரிகிறது. தான் தீ வைக்கவில்லை என்கிறார் குத்தகைக்காரர். அந்தக் காணியின் சொந்தக்காரரோ, எங்கள் மண்ணைப் புரட்டிப் புதுச் செம்மண் பரவித் தருவதாகவும், அதற்கு முன் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி ஒப்பமிடும்படியும் கேட்கிறார். ஒப்பமிடலாமா?

பதில்: ஒப்பமிட வேண்டாம், மண்ணைப் புரட்டவும் இப்போதைக்கு இடமளிக்க வேண்டாம். ரயர் எரியும்போது ரப்பர் முழுவதும் சாம்பலாவதில்லை. ஒரு பகுதி வெப்பத்தில் சிதைந்து எண்ணெயாக வடிகிறது. அதில் பென்சீனும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல்வளைய ஐதரோகாபன்களும் இருக்கும். சாம்பலில் நாகம் (துத்தநாகம்) என்ற உலோகம் மிகுந்திருக்கும். உங்கள் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல் என்பதால், புரட்டிய மண்ணின் நஞ்சு மழையோடு கிணற்று நீரைச் சேர அதிக காலம் எடுக்காது. அத்துடன், அந்த மண்தான் உங்கள் வழக்கின் முதன்மைச் சான்று. அதைக் கலந்துவிட்ட பின், எந்த ஆழம்வரை, எவருடைய எண்ணெய் இறங்கியது என்பதை நிறுவுவது மிகக் கடினம்.

ஆகவே இந்த வாரத்திலேயே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவு செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதேச சபைக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மாதிரிகளை நீங்களே தனியாக எடுத்தால் மறுதரப்பு அவற்றை ஐயத்துக்குள்ளாக்கும்; அதிகாரி ஒருவர், முடிந்தால் எதிர்த்தரப்பினரின் முன்னிலையில், எண்ணெய் வழிந்த பாதையிலும், அதன் கீழ் வெவ்வேறு ஆழங்களிலும், ஒப்பிடுவதற்காகத் தீண்டப்படாத ஒரு மூலையிலும் எடுத்து, கண்ணாடிப் போத்தல்களில் முத்திரையிட வேண்டும். அதுவரை அவ்விடத்தைத் தறப்பாளால் மூடி, சுற்றி வரம்பு கட்டி, மழைநீர் உட்புகாமல் பாருங்கள். கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைத்தாலும் நாகம் போன்ற உலோகங்கள் நீரை விட்டு நீங்குவதில்லை. இந்த ஒரு விடயத்தில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள்.

தீ வைத்தவர் யார் என்பது தெரியாமற்போனாலும் குத்தகைக்காரர் தப்பிவிட முடியாது. எளிதில் எரியக்கூடிய பொருளைத் தோட்டங்களுக்கும் கிணற்றுக்கும் நடுவே தக்க காப்பின்றிக் குவித்ததே கவனயீனம் என்று, இலங்கையின் பொதுச் சட்டமான உரோம ஒல்லாந்துச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரலாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், மண்ணை மாசுபடுத்தியவரை மட்டுமன்றி, மாசுபட இடமளித்தவரையும் நோக்குகிறது. ரயர்க் குவியலைத் தெரிந்தும் வாளாவிருந்த காணிச் சொந்தக்காரர் அவசரமாகக் கடிதம் கேட்பதற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

நட்டஈட்டை விட அகற்றலே உங்களுக்கு அவசரம். அதற்கு, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத்தொல்லையை நீக்குமாறு மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை கேட்கலாம். அந்தப் பிரிவு ஊராருக்கு நேரும் கேட்டையே கருத்திற் கொள்வதால், கிணற்றுப் பங்காளிகள் நால்வரும் சேர்ந்து முன்வருவது மனுவுக்கு வலுவூட்டும். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெயால் கிணறுகள் பழுதான வழக்கில், மாசுபடுத்தியவரே செலவைச் செலுத்த வேண்டும் என்ற கொள்கையை ஏற்று, 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் 2019இல் கட்டளையிட்டது. அயலூரின் அந்தத் தீர்ப்பை உங்கள் சட்டத்தரணி கட்டாயம் எடுத்துக்காட்ட வேண்டும்.

சமாதானமாக முடிப்பதை நான் தடுக்கவில்லை. மத்தியஸ்த சபை மூலமும் முடிக்கலாம். ஆனால் உடன்படிக்கையில் சில விடயங்கள் இருந்தேயாக வேண்டும். எவ்வளவு ஆழத்துக்கு மண் வெட்டப்படும் என்பதைக் கண்மதிப்பு அல்ல, ஆய்வுகூட முடிவு தீர்மானிக்க வேண்டும். வெட்டிய மண்ணும் சாம்பலும் கம்பிச் சிதைவுகளும் சுற்றாடல் அதிகாரசபை எழுத்தில் ஏற்றுக்கொண்ட இடத்துக்கே போக வேண்டும். கைவிடப்பட்ட சுண்ணக்கற் குழியில் கொட்டினால் கேடு இன்னொரு கிராமத்தின் கிணற்றுக்கு மாறும், அவ்வளவுதான். வேலை முடிந்த பின்னும், அடுத்த மாரிக்குப் பின்னும் மண்ணும் நீரும் மீண்டும் பரிசோதிக்கப்பட வேண்டும். கிணறு தேறும்வரை பவுசரில் தரும் தண்ணீருக்கான செலவும் அவர்களுடையதே. விடுவிப்புக் கடிதம் இவை எல்லாம் நிறைவேறிய பிறகுதான்.

காணி தமக்கையின் பெயரில் இருப்பதால், காணிக்கு நேர்ந்த சேதத்துக்கு அவரே உரிமையாளராகக் கோர வேண்டும். உங்களுக்கு அவர் அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட எழுத்தில் தரும் அதிகாரம்) அனுப்பினால், அவர் சார்பில் நீங்கள் நடவடிக்கை எடுக்கலாம். அழிந்த வெங்காயத்துக்கான நட்டத்தை உங்கள் சொந்தப் பெயரிலேயே கோரலாம். விதைவெங்காயம், உரம், கூலி என்பவற்றின் பற்றுச்சீட்டுகளைத் தேடி வையுங்கள். நட்டஈட்டு வழக்குக்குக் காலவிதிப்புச் சட்டம் தரும் அவகாசம் இரண்டு ஆண்டுகள். அதிகாரிகளின் செயலின்மைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் இடும் அடிப்படை உரிமை மனுவுக்கோ ஒரு மாதமே உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. அதனால் பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகளைத் திகதி வரிசைப்படி வைத்து, அவற்றுடன் அடுத்த சில நாள்களுக்குள் சட்டத்தரணி ஒருவரை நேரிற் சந்தியுங்கள்.