புதிய அலைக்கு முன்னால் ஒரு மீனவக் குடியிருப்பு

வணக்கம். பிரெஞ்சு சினிமா பற்றி எதைப் படித்தாலும், 1959இல் த்ரூஃபோ வந்தார், அடுத்த வருடம் கோதார்த் வந்தார், இந்த இளம் இயக்குநர்களின் ‘புதிய அலை’யில் எல்லாம் மாறிவிட்டது என்றே இருக்கிறது. அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் ஸ்டுடியோவுக்குள் எடுத்த பழைய பாணிப் படங்கள்தானா? எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?
ச.

அன்புள்ள ச.,

அந்தக் கதையைப் பரப்பியதில் அவர்களுக்கும் பங்குண்டு. இருவரும் முதலில் ‘கையே து சினிமா’ இதழின் விமர்சகர்கள். நாவல்களைத் தழுவி, திரைக்கதை ஆசிரியர்களின் கையில் நடந்த அன்றைய ‘தரமான’ படங்களை த்ரூஃபோ 1954இல் ஒரு கட்டுரையில் வெளுத்து வாங்கினார். அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் எல்லாப் பழைய படங்களையும் ஒதுக்கவில்லை. இயக்குநர்கள் ரெனுவாரையும் ழான் விகோவையும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். விகோ 1934இல், 29 வயதில் இறந்துபோனார். விடுதிப் பள்ளிச் சிறுவர்களின் கலகத்தைப் பற்றிய அவர் படம் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை தடையில் கிடந்தது. த்ரூஃபோவின் 1959 படத்தில் வரும் சிறுவனுக்கு அந்தப் பையன்கள் அண்ணன்மார்.

சரி, புதிய அலைக்கே வருவோம். என்னைக் கேட்டால் அது ஆக்னஸ் வர்தாவிடம் தொடங்குகிறது. 1954இல், இருபத்தாறு வயதில், தென் பிரான்சின் செத் துறைமுகத்தில் ‘லா புவாந்த் கூர்த்’ என்ற மீனவக் குடியிருப்புக்குப் போய் அதே பெயரில் படம் எடுத்தார். அவர் நாடகக் குழு ஒன்றின் புகைப்படக்காரர். அதுவரை பார்த்த படங்களே மிகக் குறைவு. கையில் பணமில்லை, நடிகர்களும் குழுவினரும் கூலிக்குப் பதில் பங்குதாரர்களாகச் சேர்ந்தார்கள்.

படத்தில் இரண்டு இழைகள். ஒன்றில், காயலில் சிப்பி எடுக்கக் கூடாது என்று தடை. சுகாதார அதிகாரி வந்துவிட்டார் என்ற செய்தி வீடு வீடாகப் பரவுகிறது. மற்றதில், பிரிந்துவிடலாமா என்று பேசிக்கொண்டே நடக்கும் ஒரு தம்பதி. ஓரிடத்தில் ஒருவர் முகம் நேராகவும், அதை மறைத்தபடி மற்றவர் முகம் பக்கவாட்டிலும் நிற்கும். புகைப்படக்காரரின் கண் அது! தம்பதியின் பேச்சு கொஞ்சம் விறைப்பானதுதான். மீனவர்கள் வரும் பகுதிகளுக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

படத்தொகுப்பு செய்தவர் அலென் ரெனே. பின்னாளில் ‘ஹிரோஷிமா மோன் அமூர்’ படத்தை இயக்கியவர். முறையான அனுமதி இல்லாமல் எடுத்ததால் வழக்கமான வெளியீடு கிடைக்கவில்லை. வரலாறு எழுதியவர்கள் வெகுகாலம் இதை ஓரமாகவே வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் முதலில் இதைப் பாருங்கள், அப்புறம் த்ரூஃபோ. கோதார்த்தின் முதல் படத்துக்கு வரும்போது ஒளிப்பதிவைக் கவனியுங்கள். அதன் ஒளிப்பதிவாளர் ரவுல் குத்தாரும் வர்தாவைப் போலப் புகைப்படக்காரராக இருந்தவர்தான். இரவுக் காட்சிகளுக்காக, ஸ்டில் கேமராவுக்கு விற்ற ஃபிலிம் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் படம் பிடித்தார்.