பக்கத்துப் பீடத்து ஆய்வேடு

அன்பின் அண்ணா,

நான் கொழும்பில் புவியியல் படிக்கும் இறுதியாண்டு மாணவன். இரண்டாம் ஆண்டிலிருந்து எங்கள் பட்ச்சுக்கு ஒரு டெலிகிராம் குழு நடத்தி வருகிறேன். நோட்ஸ், டியூட், பாஸ்ட் பேப்பர் எல்லாம் அதில் இருக்கின்றன. ஜூனியர்கள் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். இப்போது அதை எல்லாப் பீடங்களுக்கும் விரிக்க நினைக்கிறோம். சட்டம், முகாமைத்துவம், மருத்துவம் என்று எல்லாரும் தங்கள் நோட்ஸையும் அசைன்மெண்டையும் ஆய்வேட்டையும் ஒரே இடத்தில் போட வேண்டும், யாரும் எடுத்துப் படிக்கலாம் என்பதுதான் திட்டம்.

ஆனால் ஒரு விரிவுரையாளர் தன் ஸ்லைட்களை எங்கள் குழுவில் கண்டு கோபப்பட்டார். நண்பர்கள் சிலர், "நாங்கள் மாதக்கணக்கில் அலைந்து எழுதினதை இன்னொருத்தன் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவான்" என்கிறார்கள். சட்டம் படிக்கும் நண்பி ஒருவர், "உன் புவியியல் நோட்ஸை வைத்து நான் என்ன செய்ய?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கி., வெள்ளவத்தை

அன்பின் தம்பி,

உங்கள் நண்பி கேட்டது நியாயமான கேள்வி. உண்மையில் அவர் உங்கள் நோட்ஸை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நோட்ஸ் என்பது ஒரு பாடத்துக்குள் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு இறங்குகிற பொருள். பரீட்சை நெருங்கும்போது சீனியர்கள் ஜூனியர்களுக்கு விடுதியிலோ கன்டீனிலோ நடத்தும் குப்பி வகுப்பு இந்த வேலையை எந்த நூலகத்தை விடவும் நன்றாகச் செய்கிறது. கேட்கிறவனுக்கு எந்த இடம் விளங்கவில்லை என்று சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் தெரியும். போன வருடம் அவனும் அதே இடத்தில்தான் முழித்துக்கொண்டிருந்தான். அதே குறிப்பைச் சட்ட பீடத்துக்குக் கொண்டுபோனால் அம்புக்குறிகளும் சுருக்கெழுத்துகளும்தான் மிஞ்சும். பாஸ்ட் பேப்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை அந்தந்தப் பீடத்துக் குழுக்களிலேயே இருக்கட்டும். பீடம் தாண்டிப் போக வேண்டியவை ஆய்வேடுகள். அவற்றை விடவும், ஆய்வேட்டுக்காக நீங்கள் வெயிலில் அலைந்து சேர்த்த தரவுகள்.

மீதொட்டமுல்லயை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அங்கே கொழும்பின் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதை வைத்து ஒரு புவியியல் மாணவர் நிலப்பயன்பாட்டு வரைபடம் வரையலாம். இரசாயனவியல் மாணவர் சுற்றுவட்டார நீரைப் பரிசோதிக்கலாம். மேடு ஏன் சரிந்தது என்று மொறட்டுவையில் பொறியியல் படிக்கும் ஒருவர் கணக்குப் போடலாம். உங்கள் சட்ட நண்பி நட்டஈட்டையும் மாநகர சபையின் பொறுப்பையும் எழுதலாம். வீடிழந்து மாடிக் குடியிருப்புக்குப் போன குடும்பங்களோடு ஒரு சமூகவியல் மாணவர் கதைக்கலாம். இத்தனை பேரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்று தொடங்கவும் கூடும். இவர்கள் எல்லாரையும் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டுக்கார அம்மாவாகத்தான் இருப்பார்.

அதன் பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தது. புத்தளத்து மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். அவர்களில் கணிசமானோர் தமிழ் பேசுகிறவர்கள். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வாழ்வது எப்படியிருக்கும், நீருக்கு என்ன நடக்கும், சட்டம் எதுவரை கைகொடுக்கும் என்பதெல்லாம் அப்போது அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டிருக்கும். அப்படி எழுதப்பட்டவை ஏதாவது ஒரு துறையின் அலுமாரியில் ரெக்சின் அட்டைக்கும் தங்க எழுத்துக்கும் உள்ளே இருந்தால் யாருக்கு என்ன பயன்? (பைண்டிங் செலவைப் பற்றி மாணவர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். அட்டைக்குக் காட்டும் கவனத்தில் பாதியை உள்ளே இருக்கும் கோப்புக்குக் காட்டினால் போதும்.)

கோப்பு என்றதும் பாமினி ஞாபகம் வருகிறது. நம் நாட்டுத் தமிழ் ஆய்வேடுகளில் பெரும் பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. இன்றைக்கும் பலர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது சில ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். திரையில் நாம் காணும் தமிழ் வெறும் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்ட் கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். தேடுபொறிக்கு அது ஒருபோதும் தமிழாகத் தெரிவதில்லை. "மீதொட்டமுல்ல" என்று யாராவது தேடினால், பாமினியில் நூறு தடவை அந்தப் பெயரை எழுதிய ஆய்வேடு ஒரு தடவைகூட அகப்படாது. ஆகவே அதை இணையத்தில் போட்டாலும் அலுமாரியில் வைத்தாலும் ஒன்றுதான்.

எந்தக் கணினியும் தமிழாகவே அறிந்துகொள்ளும் யுனிகோடு முறைக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை, இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களையும் நூற்பட்டியலையும் அந்த மென்பொருள் தமிழென்று நினைத்துக் குதறிவிடும். அட்டவணைகளையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். பைண்ட் செய்த புத்தகத்தை ஸ்கேன் பண்ணுவது கடைசி வழி. வேர்ட் கோப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மடிக்கணினி மாறினால் அதுவும் போய்விடும் என்பதால், படித்து முடித்துப் போனவர்களிடம் தாமதிக்காமல் கேளுங்கள்.

அடுத்தது மொழி. நம் பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. கலைப் பாடங்கள் பெரும்பாலும் சிங்களத்திலும் தமிழிலும் நடக்கின்றன. எனவே பீடங்களுக்கு நடுவில் பாட வேறுபாட்டோடு மொழி வேறுபாடும் நிற்கிறது. டெங்கு பற்றி மருத்துவ மாணவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் படிக்கும் சமூகவியல் மாணவர் தொடுவதில்லை. சமூகவியல் மாணவர் தோட்டக் குடியிருப்புகளின் தண்ணீர்ப் பீப்பாய்களைப் பற்றித் தமிழில் எழுதியதை மருத்துவ மாணவர் அறிவதேயில்லை. அதனால் உங்கள் திட்டத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். ஆய்வேடு போடுகிறவர் அதோடு ஒரு பக்கம் தமிழில் எழுதித் தர வேண்டும். என்ன கேட்டேன், எங்கே போனேன், எப்படிச் சேர்த்தேன், என்ன கிடைத்தது, எது சரிவரவில்லை. அந்தப் பாடம் தெரியாதவருக்கு விளங்குகிற மாதிரி இருக்க வேண்டும். ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டக்கூடாது, அது பரீட்சகருக்காக எழுதப்பட்டது. அந்த ஒரு பக்கத்தைப் படித்துத்தான் உங்கள் சட்ட நண்பி மீதியைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். இதை எழுத மனமில்லாதவரின் கோப்பு வராவிட்டால் பரவாயில்லை. இருபது ஆய்வேடுகள் இப்படி வந்தால், இரண்டாயிரம் கோப்புகள் குவிந்து கிடக்கும் டிரைவை விட உபயோகம்.

சரி, திருட்டுப் பயம். நான் அதை மறுபக்கமாகப் பார்க்கிறேன். அலுமாரியில் கிடக்கும் ஆய்வேட்டிலிருந்து எடுத்தால் யாருக்கும் தெரியாது. திகதியோடும் பெயரோடும் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருப்பதிலிருந்து எடுப்பவன் அகப்படுவான். ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளும் தன்னிடம் இருப்பதோடுதானே ஒப்பிடும். பௌதிகவியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991-இல் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையக் கட்டுரைக் களஞ்சியத்தைத் தொடங்கினார். சஞ்சிகையில் வருவதற்கு முன்பே கட்டுரையை அங்கே பொதுவில் வைத்துவிடுவது பௌதிகவியலாளர்களுக்குப் பழகிப்போனது. "நான் முதலில் சொன்னேன்" என்பதற்கு அந்தத் திகதியே சாட்சி. பிறகு கணிதக்காரர்களும் கணினிக்காரர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதியின்படி முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்துக்குப் போகின்றன. நம் தமிழ்த் துறை மாணவர்கள் அதை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். எடுக்கத் தெரிகிறது, கொடுக்கத்தான் கை வரவில்லை.

அசைன்மெண்ட் பற்றி உங்கள் நண்பர்கள் பயப்படுவது மட்டும் சரி. அதே தலைப்பு அடுத்த வருடமும் வரும். அவற்றைப் போடாதீர்கள்.

தரவைப் பகிர்வதில் வேறொரு கவனம் வேண்டும், அதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். நேர்காணல் தந்தவர் உங்களை நம்பிக் கதைத்தவர். உங்களிடம் சொன்னதை ஊருக்குச் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. பெயரை எடுத்தால் மட்டும் போதாது. "அந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் விதவை" என்றால் அயலவர்களுக்குப் போதுமானது. காணி, காணாமல் போனவர்கள், கடன் பற்றிய நேர்காணல்களைப் பகிரவே வேண்டாம். வினாக்கொத்தை மட்டும் பகிருங்கள், அடுத்தவருக்கு அதுவே பாதி வேலை. 2022-இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றும் இங்கே நிறைவேறியது. இனிமேல் நேர்காணலுக்குப் போகிறவர்கள், விபரங்களைப் பிறரோடு பகிரலாமா என்றும் அப்போதே கேட்டுச் சம்மதம் வாங்கட்டும்.

எங்கே வைப்பது? டெலிகிராமில் வேண்டாம். நீங்கள் பட்டம் பெற்று வேலைக்குப் போனதும் குழு அநாதையாகிவிடும். டிரைவ் இணைப்பும் உங்கள் கணக்கோடு போய்விடும். ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடம் நடத்தும் செனோடோ என்ற களஞ்சியம் இலவசம். 2013 முதல் இயங்குகிறது. எந்தத் துறை, எந்த மொழி என்றாலும் ஏற்கும், ஒவ்வொரு கோப்புக்கும் மாறாத அடையாள எண் ஒன்றும் கொடுக்கும். 2005-இலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் மின் களஞ்சியம் இருந்தால், அங்கும் ஒரு பிரதி வைக்கக் கேளுங்கள்.

கடைசியாக அந்த விரிவுரையாளர். அவர் கோபப்பட்டது சரியே. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஆனால் எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் உரிமையாளருக்கு என்ன பாதிப்பு என்பதும் அதில் கணக்கில் வரும். இன்னொருவரின் ஸ்லைட்களையோ முழுப் பாடநூலையோ ஊருக்கே திறந்து வைப்பதை அதற்குள் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு இந்த ஒரு பக்கத் திட்டத்தை அவரிடம் விளக்குங்கள். அவர் மேற்பார்வை செய்த பழைய மாணவர்களின் வேர்ட் கோப்புகள் அவர் கணினியில் இருக்கக்கூடும். அந்த மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், யாரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.