மானியத்துக்கு டிசம்பர் 31 கிடையாது – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

மலையகத்தில் ஒரு பல்கலைக்கழகப் பீட அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். எங்கள் பீடத்தில் இப்போது 23 ஆய்வு மானியங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்ஸெல், ஒரு கடதாசிக் கோப்பு. நிதிப் பிரிவில் தனியாக ஒரு வோட் லெட்ஜர் (ஒதுக்கீட்டுத் தலைப்புவாரியாகச் செலவு எழுதும் பேரேடு). மூன்றும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. “என் மானியத்தில் எவ்வளவு மிச்சம்?” என்று பேராசிரியர்கள் கேட்டால் நான் ஒரு தொகை சொல்வேன், நிதிப் பிரிவு வேறொன்று சொல்லும். கடைசியில் ஏச்சு எனக்குத்தான். இப்போது கணக்கு, பெறுகை, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் ஈஆர்பி மென்பொருள் வாங்கப் பேச்சு நடக்கிறது. எல்லாம் ஒரே திரையில் தெரியும் என்கிறார்கள். அது வந்தால் இது தீருமா? எஸ்ஏபி போன்ற, காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள் வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பவை போதுமா? அதற்குமுன் நாங்கள் என்ன செய்து வைக்கலாம்?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சொன்ன தொகையும் நிதிப் பிரிவு சொன்ன தொகையும் பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் இருந்திருக்கும். கேள்விதான் ஒன்றுக்கு மேற்பட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மானியம் 60 இலட்சம் ரூபா, 20 இலட்சமாக மூன்று தவணை. முதல் தவணை மட்டும் வந்திருக்கிறது. 11 இலட்சம் செலவாகிவிட்டது. 6 இலட்சத்துக்கு ஓடர் போயிருக்கிறது, சாமான் இன்னும் வரவில்லை. களப்பயணத்துக்கு ஒரு இலட்சம் முற்பணம் எடுத்தவர் இன்னும் கணக்கு ஒப்படைக்கவில்லை. உங்கள் எக்ஸெல் 60இலிருந்து 11ஐக் கழித்து 49 என்று காட்டும். நிதிப் பிரிவு வந்த காசிலிருந்து கழித்து 9 என்னும். ஓடரையும் முற்பணத்தையும் சேர்த்துக் கழித்தால் மானியத்தின் முழுக் காலத்துக்கும் மிச்சம் 42. ஆனால் பல்கலைக்கழகத்தின் வேறு காசில் கைவைக்காமல் அந்தப் பேராசிரியர் இன்றைக்கு ஓடர் போடக்கூடியது 2 இலட்சம்தான்.

நான்கு விடைகளும் தேவையானவையே. நல்ல மென்பொருள் நான்கையும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் பெயரோடு காட்டும். மோசமாக அமைத்த மென்பொருள் ஒன்றை மட்டும் “மீதி” என்று காட்டும். அது கணினியில் தெரிவதால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். அந்த நிலைமை எக்ஸெலைவிட ஆபத்தானது. எல்லா மானியமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடக்கும் இடங்களில், ஒரு ஆய்வின் காசை இன்னொரு ஆய்வு சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும். முதலாவதன் அறிக்கை கேட்கும் நாளில்தான் அது வெளியே வரும்.

இனி உங்கள் முதல் கேள்வி. தீருமா என்றால், மானியத்தை அந்த மென்பொருளில் என்னவாக உருவாக்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான இடங்களில் நடக்கும் தவறு ஒன்றே: மானியத்தை ஒரு திணைக்களம் போலவே ஒரு செலவு மையமாக (செலவைச் சேர்த்துக் காட்டும் அலகாக) உருவாக்கி, அதற்கு ஆண்டு வரவுசெலவுத் திட்டம் ஒன்றைப் போட்டுவிடுவது. அரச பல்கலைக்கழகங்களின் கணக்கு திறைசேரியின் ஆண்டு ஒதுக்கீட்டைச் சுற்றி வளர்ந்தது. ஜனவரி 1இல் தொடங்கும், டிசம்பர் 31இல் முடியும். மானியம் அப்படிப்பட்டதல்ல. மார்ச்சில் தொடங்கி 30 மாதம் ஓடும். மென்பொருளுக்கு ஆண்டு எல்லை மட்டுமே தெரியுமானால், ஜனவரி 1 அன்று மீதி பூச்சியமாகும், டிசம்பரில் போட்ட ஓடர் பழைய ஆண்டிலேயே நின்றுவிடும், பெப்ரவரியில் சாமான் வரும்போது பில்லுக்குக் காசு இல்லை என்று திரை சிவக்கும். பிறகு யாராவது கையால் ஒரு சரிக்கட்டற் பதிவு போடுவார்கள். அதை விளக்கக் கணக்காய்வு உங்களிடம் வரும்.

எனவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி: திறைசேரிப் பணத்துக்கு ஆண்டு எல்லை, மானியப் பணத்துக்கு முழுக்கால எல்லை என்று ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு விதமாகக் கட்டுப்பாடு வைக்க முடியுமா? வாயால் முடியும் என்பார்கள். ஒரு ஓடரை டிசம்பரில் போட்டு, ஆண்டை மூடி, ஜனவரியில் சாமானைப் பெற்று, மார்ச்சில் பில் கட்டி உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள். அரை மணித்தியால வேலை. நழுவுகிறவர்கள் அங்கேயே நழுவுவார்கள்.

இரண்டாவது பெரிய இடறல் தலைப்புகள். நிதி தருபவரின் தலைப்பு வேறு, உங்கள் பேரேட்டின் தலைப்பு வேறு. தலவாக்கலைப் பக்கம் மண் மாதிரி எடுக்கப் போன வாகனச் செலவும், கொழும்பு மாநாட்டுக்குப் போன வாகனச் செலவும் பேரேட்டில் “போக்குவரத்து” என்ற ஒரே கணக்கில் விழும். நிதி தருபவருக்கோ முதலாவது களப்பணி, இரண்டாவது அறிவுப் பரம்பல். பேரேட்டுக் குறியீட்டிலிருந்து இதைப் பிறகு பிரித்தெடுக்க வழியே இல்லை. வவுச்சர் எழுதும் நேரத்திலேயே இரண்டும் பதிவாக வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் ஆள்வரவும் வேலையும் பதியும் செக்ரோலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வந்தார் என்று பேர் போட்டால் போதாது. எத்தனையாம் நம்பர் மலை, கொழுந்தா கவ்வாத்தா புல்வெட்டா, முழுப்பேரா அரைப்பேரா (முழுநாளா அரைநாளா) என்பதெல்லாம் அன்றைக்கே விழ வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து எந்தக் கணக்கப்பிள்ளையாலும் ஞாபகத்திலிருந்து பிரிக்க முடியாது. ஆய்வு வவுச்சரிலும் அதேபோல மூன்று கேள்விகள்: எந்த மானியம், நிதி தருபவரின் எந்தத் தலைப்பு, பேரேட்டின் எந்தக் கணக்கு. மூன்றும் கட்டாயப் புலங்களாக இருக்க வேண்டும். “பிறகு நிரப்பலாம்” என்று ஒன்றைத் திறந்து விட்டால் அது நிரம்பாது.

எஸ்ஏபியின் மானிய முகாமைப் பகுதி இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது: மானியம் ஒரு பதிவு, நிதி தருபவரின் செலவுத் தலைப்புக்கு “ஸ்பொன்சர்ட் கிளாஸ்”, ஆய்வின் உட்பகுதிக்கு “ஸ்பொன்சர்ட் புரோகிராம்”. நிறுவனத்தின் சொந்த வரவுசெலவுத் தலைப்புகள் நிதி முகாமைப் பகுதியில் வேறாக நிற்கும். வேர்க்டே என்ற மென்பொருளில் “அவார்ட்” (நிதி தருபவரோடான ஒப்பந்தம்), அதன் வரிகள், அவற்றின் கீழ் மானியம் என்று அடுக்கு வரும். இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளான ஈஆர்பி நெக்ஸ்டில் இப்படித் தயாரான மானிய அடுக்கு கிடையாது. ஆனால் செலவு மையத்துக்கோ புரொஜெக்டுக்கோ வரவுசெலவு போடலாம். எல்லை மீறினால் தடுக்கவா, எச்சரிக்கவா, விட்டுவிடவா என்று கோரிக்கை, ஓடர், உண்மைச் செலவு ஆகிய மூன்று கட்டத்துக்கும் தனித்தனியே சொல்லலாம். “கணக்கியல் பரிமாணம்” என்ற வசதியால் நிதி தருபவரின் தலைப்பைக் கட்டாயப் புலமாக்கலாம். அதன் பலவீனம் மேலே சொன்னதுதான். அதன் பழைய பதிப்புகளில் வரவுசெலவு நிதியாண்டோடு கட்டுண்டது. அப்படிப்பட்ட பதிப்பானால் முழுக்கால எல்லைக்கு ஒருவர் கணினி நிரல் எழுத வேண்டும்.

என் தீர்ப்பு: ஒரு பீடத்தின் 23 மானியத்துக்காக எஸ்ஏபி என்பது முச்சில்லு ஓடும் பாதைக்கு லொறி வாங்குவது. முழுப் பல்கலைக்கழகமும் சம்பளம், களஞ்சியம், பெறுகை எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுபோனால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. இலவச மென்பொருளிலும் உரிமக் காசு மட்டும்தான் மிச்சம். அமைக்க, பயிற்சி கொடுக்க, சேவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டால் என்ன என்பதற்கு விடை இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஓடர் விஷயத்தில் ஒரு சிறிய பொறி. கருவிக்கு 12 இலட்சம் இருக்கிறது. 950,000 ரூபா விலைக்கு ஓடர் போகிறது. மென்பொருள் வரியில்லாத விலையை மட்டும் ஒதுக்கிவைத்தால் 250,000 மிச்சம் என்று காட்டும். அதை நம்பி 200,000க்கு வேறு சாமான் வாங்குவார்கள். பில் வரும்போது 18 வீத வற் வரி 171,000 சேர்ந்து 1,121,000. இப்போது தலைப்பு 121,000 ரூபா மீறிவிட்டது. பல்கலைக்கழகம் அந்த வரியை மீளப் பெற முடியாதபோது, ஓடரின் ஒதுக்கம் வரியோடு சேர்ந்துதான் விழ வேண்டும். ஒரு தெரிவுப் பெட்டியில் குறி போடும் வேலை இது, ஆனால் அமைக்கிறவருக்குச் சொல்லாவிட்டால் போடமாட்டார்.

ஆய்வு உதவியாளர் சம்பளத்திலும் இதே கதை. மாதம் 60,000 ரூபா என்று முன்மொழிவில் எழுதிவிடுவார்கள். ஊழியர் சேமலாப நிதியமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் பொருந்தும் நியமனமானால் தொழில்தருநர் பங்கு 12 வீதமும் 3 வீதமும், மாதம் 9,000. 24 மாதத்துக்கு 216,000 ரூபா எங்கிருந்து வரும்? முன்மொழிவுக் கட்டத்திலேயே மென்பொருள் இதைக் கூட்டிக் காட்ட வேண்டும். மானியம் கிடைத்த பிறகு கூட்டிப் பயனில்லை.

முற்பணத்தைச் செலவாகப் பதியாதீர்கள். அது எடுத்தவர் பெயரில் கடனாக நிற்கட்டும், கூடவே மானியத்தில் அந்தத் தொகை ஒதுக்கமாகவும் நிற்கட்டும். கணக்கு ஒப்படைத்தால் ஒதுக்கம் நீங்கிச் செலவு விழும். பழையதைத் தீர்க்காமல் புதிய முற்பணம் கேட்டால் மென்பொருள் மறுக்க வேண்டும். இதில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். மழையில் நனைந்த முச்சில்லு ரசீதை ஆறு மாதம் கழித்து யாராலும் வாசிக்க முடியாது. களத்திலேயே தொலைபேசியில் படம் எடுத்து, சிக்னல் வரும் இடத்துக்கு வந்ததும் ஏற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டு மானியம் என்றால் வரவுசெலவை அவர்களுடைய நாணயத்திலேயே வைத்திருந்து, ரூபாவை இரண்டாவது நிரலில் காட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபாவளவில் இருந்து மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலர் கையிருந்த மானியங்களின் ரூபாப் பெறுமதி எகிறியது. முழுவதையும் ரூபாவாக மாற்றி வைத்திருந்தவற்றால் வெளிநாட்டிலிருந்து இரசாயனப் பொருள் வாங்க முடியாமற் போனது. மாற்று இலாபம் யாருக்கு, அறிக்கைக்கு எந்த நாளின் விகிதம் என்பதை ஒப்பந்தத்தில் தேடி, மானியப் பதிவிலேயே ஏற்றி வையுங்கள்.

மறைமுகச் செலவையும் (மின்சாரம், அலுவலகம் போன்ற பொதுச் செலவுக்காக நிதி தருபவர் தரும் பங்கு) ஒப்பந்தம் பார்த்தே அமைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப் நேரடிச் செலவில் 25 வீதம் தரும், உபஒப்பந்தத்தை விட்டுவிட்டு. அமெரிக்கக் கூட்டாட்சி மானியங்களில், பேசி முடித்த விகிதம் இல்லாத நிறுவனத்துக்கான பொது வீதம் 2024 ஒக்டோபரிலிருந்து 10இலிருந்து 15 ஆனது. ஆனால் அது முழுத்தொகை மீதல்ல. 100,000 டொலர் நேரடிச் செலவில் 30,000 டொலர் ஒரு கருவிக்கு என்றால், கருவியை நீக்கி 70,000இல்தான் கணக்கு. 15,000 அல்ல, 10,500. மென்பொருளில் வீதத்தை மட்டும் போட்டு, எதன் மீது என்பதைப் போடாமல் விட்டால் அதிகமாக எடுத்த காசைத் திருப்பிக் கொடுக்க நேரும்.

அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாக. கடதாசியில் ஒன்பது கையெழுத்து இருந்தால் திரையிலும் ஒன்பது சொடுக்கு என்று அமைத்துவிடாதீர்கள். தொகைக்கேற்ப எல்லை வையுங்கள். பீடாதிபதி விடுமுறையில் போனால் அதிகாரம் யாருக்குப் போகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுங்கள். கடதாசிக் கோப்பை நிறுத்தும் திகதியையும் அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும், உங்களுக்கு வேலை இரட்டிப்பாகும்.

இனி, மென்பொருள் எது வந்தாலும் வீணாகாத வேலை. 23 மானியங்களுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு: ஆண்டும் தொடர் எண்ணும் போதும். அதற்குள் ஆய்வாளர் பெயரையோ திணைக்களத்தையோ நுழைக்காதீர்கள். ஆள் மாறுவார், திணைக்களம் இரண்டாகப் பிரியும், குறியீடு மாறக்கூடாது. பக்கத்தில் ஒப்பந்த இலக்கம், தொடக்க முடிவுத் திகதிகள், நாணயம், தவணைகள், அறிக்கை நாட்கள், தலைப்புக்குத் தலைப்பு எத்தனை வீதம் மாற்றலாம், மிஞ்சும் காசு திரும்பிப் போகுமா, கருவி இறுதியில் யாருக்குச் சொந்தம். இதற்காக ஒப்பந்தங்களை ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டிவரும். முடிந்த மானியங்களை இழுத்துவராதீர்கள். ஓடுபவற்றின் திறந்த ஓடர்களையும் தீராத முற்பணங்களையும் மொத்தத் தொகையாக அல்லாமல் ஒவ்வொன்றாக எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால் எந்த மாதத்திலும் புதிய மென்பொருளுக்கு மாறலாம். ஆண்டறிக்கை வேலை நெரியும் ஜனவரி, பெப்ரவரியைத் தவிர்க்கலாம்.

வழங்குநர் பட்டியலையும் இப்போதே துப்புரவாக்குங்கள். ஒரே கடை தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலில் என்று நான்கு கடையாக நிற்கும். வியாபாரப் பதிவிலக்கத்தைத் திறவுகோலாக வைத்து ஒன்றாக்குங்கள். பழைய எக்ஸெல்களில் தமிழை பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால், யுனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் புதிய மென்பொருளில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொம்பு, கால் எழுத்துகளில்தான் பிழை ஒளிந்திருக்கும்.